வீடற்றவள், அதிகாலை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அலோகா தீதியும் நானும் வீட்டில் தங்கமாட்டோம். தீதி என்றால் அக்கா. அவள் மாணிக்தலா பக்கம் ஒரு தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நான் பெண்கள் பள்ளி ஒன்றில் நூலகம் பார்க்கிறேன். ஒரே கட்டடத்தில் அவள் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. பதினோரு வருடமாக அந்த ஒரு நாளை ஊர் சுற்றுவதற்கென்றே வைத்திருக்கிறோம். அருங்காட்சியகத்து யட்சிகள், மதிய நாடகம், மழைக்காலத்து எஸ்ராஜ் கச்சேரி, புது ஓவியக் கண்காட்சி என்று கல்கத்தாவில் போக இடமா இல்லை! நாடகம் சரியில்லையென்றால் இடைவேளையில் மீன் கட்லெட்டோடு எழுந்து வந்துவிடுவோம். படம் நன்றாக இருந்தால் தீதி அதன் முன்னால் அரை மணி நேரம் நிற்பாள். காவலாளி வந்து இருமினால்தான் நகர்வாள்.

போன டிசம்பரில் அப்படித்தான் தெற்குக் கல்கத்தாவில் புதிதாகத் திறந்திருந்த ஒரு கலைக்கூடத்துக்குப் போனோம். ராஜர்ஷி முன்ஷி என்பவர் எடுத்த புகைப்படங்கள். 'கண்ணுக்குத் தெரியாதவர்கள்' என்று தலைப்பு. எல்லாம் கறுப்பு வெள்ளை. தெருவில் தூங்குகிறவர்கள், குழாயடியில் குளிக்கிறவர்கள், சுவரில் சாய்ந்து கிடக்கிறவர்கள். அறை முழுக்க மல்லிகை ஊதுவத்தி மணம். எங்கோ மெல்லிசாக ஒரு புல்லாங்குழல்.

மூன்றாவது சுவரில், எல்லாவற்றையும்விடப் பெரிய படத்தின் முன்னால், தீதி நின்றாள். நான் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டேன். சத்தமே வராததால் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"ரேபா, இங்க வா. இது யாருன்னு பாரு."

ஆளுயரப் படம். நடைபாதை விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். தலையைச் சுற்றி முரட்டுச் சால்வை. கையில் மண்குவளை. ஒரு காலில் செருப்பு, மறுகால் வெறுங்கால். கலைந்த முடி. கண்ணிலிருந்து வழிந்த நீர் கன்னத்தில் பளபளக்கிறது. பின்னால் கிழிந்த சுவரொட்டி. கீழே அட்டையில்: 'வீடற்றவள், கல்கத்தா, அதிகாலை.' அதற்குக் கீழே சின்ன எழுத்தில், இரவெல்லாம் இந்த நகரம் மென்று விடியலில் துப்பிவிட்ட பெண் என்றும், இழப்பதற்குக் கண்ணீர் மட்டுமே மிச்சமுள்ளவள் என்றும் நாலு வரி. ஓரத்தில் விற்றாகிவிட்டது என்பதற்கான சிவப்புப் பொட்டு.

அது அலோகா தீதிதான்.

எனக்கு அந்த விடியற்காலை நன்றாக நினைவிருந்தது. அதே வருட ஜனவரியில், விடிய விடிய நடக்கும் இசை மாநாட்டின் கடைசி நாள். எண்பத்தொரு வயது சரோத் மேதை ஒருவர் கடைசியாக மேடையேறி லலித் ராகம் வாசித்தார். அப்படி ஒரு லலித்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது தீதியின் கன்னமெல்லாம் நனைந்திருந்தது. செருப்பு வார் அறுந்ததைக்கூடக் கவனிக்காமல் பாதித் தெரு நடந்துவிட்டாள். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தேன். "ரேபா, இந்த நிமிஷம் செத்துப் போனாலும் எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றாள். வாழ்க்கையில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

அந்த நிமிஷத்தைத்தான் எவனோ தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டு போயிருக்கிறான். படத்தின் இடது ஓரத்தில் முக்கோணமாக ஒரு துணி தெரிந்தது. அது என் பச்சைப் புடவை. என்னைப் பாதியில் வெட்டி எறிந்துவிட்டார்கள். துணைக்கு ஆள் இருந்தால் அனாதையாகத் தெரியாதே!

முன்ஷி அங்கேயே இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நரை கலந்த தாடி, கதர் குர்தா. தீதி அவரிடம் நேராகப் போனாள்.

"இந்தப் படம் நீங்க எடுத்ததா?"

"ஆமா மாசீமா. பிடிச்சிருக்கா?"

"இது நான்."

அவர் அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். பிறகு அழகாகச் சிரித்தார். "அடடா! எவ்வளவு பெரிய விஷயம்! உக்காருங்க, டீ சாப்பிடறீங்களா?"

"டீ கெடக்கட்டும். எனக்கு வீடு இருக்கு. அன்னிக்கு நான் சரோத் கேட்டுட்டு வந்து உக்காந்திருந்தேன். டிக்கெட் எடுத்து, நாலாவது வரிசைல. அதை மாத்தி எழுதுங்க."

"மாசீமா, நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. படத்துல இருக்கறது நீங்க இல்ல. அது ஒரு குறியீடு. இந்த நகரத்தோட வலி."

"குறியீட்டுக்கு என் மூக்கு எதுக்கு?"

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். முன்ஷிக்குக் காது சிவந்தது. கலைக்கூட நிர்வாகி தேபிகா சேத் விரைந்து வந்து, படத்தின் பிரதி ஒன்றைச் சட்டம் போட்டு அன்பளிப்பாகத் தருவதாகச் சொன்னாள்.

"என் முகத்தைப் பாக்க வீட்ல கண்ணாடி இருக்கும்மா. அட்டையை மாத்துவீங்களா, மாட்டீங்களா?"

"விருது வாங்கின படம், மேடம். கலைஞரோட வார்த்தைல நாங்க கை வைக்க முடியாது."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மெட்ரோவில் தீதி பொருமிக்கொண்டே வந்தாள். "மாசீமாவாம்! நான் இவனுக்குப் பெரியம்மாவா? இவனுக்கும் எனக்கும் பத்து வயசு வித்தியாசம் இருக்குமா? கண்ல தண்ணி வந்தா பட்டினின்னு அர்த்தமா? லலித் கேட்டு அழாதவன் காது டாக்டரைப் பாக்கணும்!" அவள் கணவர் நிர்மலை நான் தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "படத்துல நல்லா இருக்கியா?" என்று மட்டும் கேட்டார். அன்று அவருக்கு அவர் கையால்தான் சாப்பாடு.

திங்கட்கிழமை கலைக்கூடத்துக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை தீதி அரைநாள் லீவு போட்டாள். தன்னிடமிருந்ததிலேயே நல்ல தாந்த் கைத்தறிப் புடவையைக் கட்டிக்கொண்டு போய்ப் படத்தின் பக்கத்தில் நின்றாள். வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொன்னாள்: "வணக்கம். இது நான். தபால் ஆபீஸ்ல வேலை. அன்னிக்கு லலித் கேட்டு அழுதேன். இந்த அட்டைல இருக்கறது பொய்." கல்லூரிப் பெண்கள் சிலர் ஆவலாகக் கேட்டார்கள். ஒரு பெரியவர், "ஆனாலும் நீங்க சோகமாத்தான் தெரியறீங்க" என்று அவளுக்கே எடுத்துச் சொன்னார். புதன்கிழமையும் போய் நின்றபோது தேபிகா காவலாளியைக் கூப்பிட்டு அவளை வெளியே அனுப்பிவிட்டாள். அந்த மனிதர் பாவம், "மன்னிச்சுக்குங்க தீதி" என்று சொல்லிச் சொல்லியே வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

வியாழக்கிழமை தீதி வாசலுக்கு எதிரே நடைபாதையில் நின்றாள். கையில் காலண்டர் அட்டை. பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில்: 'உள்ளே தொங்கும் வீடற்றவள் நான்தான். என் வீடு: கார்த்திக் மல்லிக் சந்து, 11பி, மூன்றாம் மாடி. மணி அடித்துவிட்டு வரவும்.' பள்ளி முடிந்து நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன், அதே பச்சைப் புடவையில். கூச்சமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம், எங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"அதுல என்ன எழுதியிருக்கே? மூணு நாளாப் பாக்கறேன்."

நீல பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே குந்தியிருந்த ஒரு பெண். எங்கள் வயதுதான் இருக்கும். மூட்டை, அடுப்பு, ஒரு அலுமினியச் சட்டி. அவள் பெயர் ஜசோதா என்று பிறகு தெரிந்தது. தீதி அட்டையைப் படித்துக் காட்டி, நடந்ததை எல்லாம் கோபமாகச் சொன்னாள். ஜசோதா கேட்டுவிட்டு வெற்றிலையைத் துப்பினாள்.

"வீடில்லாதவன்னு சொன்னா உனக்கு அவ்வளவு அசிங்கமா இருக்கா, தீதி? எனக்கு வீடில்ல. அதுக்காக நான் குற்றவாளிக் கூண்டுல ஏறி நிக்கணுமா?"

ஜசோதா அதோடு விடவில்லை.

"அந்தச் சரோத்தை நானும்தான் கேட்டேன். பந்தலுக்கு வெளியே ஒலிபெருக்கி கட்டியிருந்தான். வருஷா வருஷம் போவேன். கிழவர் கடைசில ரொம்ப மெதுவா இழுத்தாரே, அப்ப எனக்கும் கண்ல தண்ணி வந்துச்சு. என்னைப் படம் எடுத்து இதையே எழுதியிருந்தா பொய் இல்லையா அப்ப?"

தீதி அட்டையைக் கீழே இறக்கினாள். ஜசோதாவின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "தப்புதான்" என்றாள். "எனக்கு வீடு இருக்குன்னு நிரூபிக்கறதுலயே இருந்துட்டேன். அவன் பண்ணின அக்கிரமம் அது இல்ல. பக்கத்துல வந்து ஒரு வார்த்தை கேக்கல. ஏழைன்னு முடிவு பண்ணிட்டான். ஏழைன்னா பாட்டு கேக்கமாட்டான்னும் முடிவு பண்ணிட்டான்." பிறகு சட்டென்று கேட்டாள்: "ஜசோதா, உள்ள போய்ப் படமெல்லாம் பாத்தியா நீ?"

"என்னை யாரு உள்ள விடுவா?"

"நாளைக்கு வா. அனுமதி இலவசம்னு வாசல்ல எழுதியிருக்கு."

ஞாயிற்றுக்கிழமை கண்காட்சியின் கடைசி நாள். நாலு மணிக்கு முன்ஷியின் உரை. உள்ளே ஐம்பது அறுபது பேர் நாற்காலிகளில். 'நாம் பார்க்க மறுக்கும் மனிதர்கள்' பற்றி அவர் ஒலிவாங்கியில் பேசிக்கொண்டிருந்தது தெருவரை கேட்டது. தீதி, ஜசோதா, நான் மூவரும் வாசலுக்குப் போனோம். காவலாளி எங்கள் இருவரையும் பார்த்துப் பேசாமல் ஒதுங்கினார். ஜசோதா காலெடுத்து வைத்ததும் கையை நீட்டித் தடுத்தார்.

"அவங்க வேண்டாம் தீதி. காலைப் பாருங்க. மேடம் என் வேலையைத் தூக்கிடுவாங்க."

"செருப்பில்லாம வரக்கூடாதா?"

"விதி."

தீதி தன் செருப்பைக் கழற்றினாள். நானும் கழற்றினேன். "மூணு பேரும் வெறுங்கால்தான். இப்ப மூணு பேரையும் நிறுத்து" என்று அவள் போட்ட சத்தத்தில் உள்ளே உரை நின்றுவிட்டது. அறுபது தலைகள் திரும்பின.

தீதி வாசலிலிருந்தே பேசினாள். "முன்ஷி சார், பாக்க மறுக்கறாங்கன்னு பேசறீங்களே, இதோ இவங்க ஜசோதா. உங்க வாசலுக்கு எதிர்ல இருக்காங்க. இவங்க படத்தைப் பாக்க உள்ள வரக்கூடாதாம். படமா வந்தா சுவர்ல இடம், ஆளா வந்தா வாசல்ல தடையா? என்ன நியாயம் சார் இது?"

முன்வரிசையில் யாரோ, "விடுங்கப்பா உள்ள!" என்றார்கள். இன்னும் நாலைந்து குரல்கள் சேர்ந்தன. தேபிகா கையசைத்தாள். காவலாளி விலகினார். விலகும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

ஜசோதா யாரையும் பார்க்கவில்லை. படங்களை மட்டும் பார்த்துக்கொண்டே போனாள். இரண்டாவது படத்தின் முன் நின்றாள். 'குடித்து விழுந்தவன்' என்று அட்டை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். நான் படித்தேன்.

"குடியா? இது பிஷூ. வாழ்நாள்ல குடிச்சதில்ல. ராத்திரி முழுக்க மீன் கூடை தூக்குவான், பகல்ல தூங்குவான்."

அடுத்த படம். "இது மாயாவோட மாமியார். பிச்சையெல்லாம் எடுக்கல. கையை நீட்டி மழை வருதான்னு பாக்கறா." அடுத்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். "இது துக்கு. துர்கா பூஜைக்கு முந்தின வாரம் செத்துப்போனான். இவன் படம் வேற எங்கயும் இல்ல. அவன் அம்மா கேட்டுக்கிட்டே இருந்தா."

யாரோ அந்தப் புல்லாங்குழலை நிறுத்தினார்கள்.

முன்ஷி மேடையிலிருந்து இறங்கி வந்தார். சிரிப்பு போயிருந்தது. "எனக்கு... இதெல்லாம் தெரியாது" என்றார்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். வாய் இருக்குல்ல?" என்றாள் தீதி. "எழுதுங்க. இப்பவே. ஒவ்வொண்ணா."

அவர் பேனாவை எடுத்தார். ஜசோதா சொல்லச் சொல்ல, பழைய அட்டைகளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தில் எழுதினார். மூன்று படங்களுக்குப் பெயர் கிடைத்தது. மற்றவர்களை அவளுக்குத் தெரியவில்லை. தீதியின் படத்துக்கு வந்ததும், 'அலோகா பிஸ்வாஸ், லலித் கேட்டுவிட்டு வந்த அதிகாலை' என்று எழுத வைத்தாள். எழுத்து சின்னதாக இருக்கிறதென்று மறுபடி எழுத வைத்தாள். துக்குவின் படத்தில் ஒரு பிரதி அன்றே கேட்டாள். தேபிகா மறுநாள் தருவதாகச் சொன்னாள். "நாளைக்கு உங்களுக்கு லீவு. இன்னிக்கே" என்றாள் தீதி. கிடைத்தது. ஜசோதா அதை முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். புது அட்டைகள் சுவரில் இருந்தது மூன்று மணி நேரம். எட்டு மணிக்குக் கண்காட்சி முடிந்துவிட்டது. பெரிய படத்தை வாங்க இருந்தவர், வீடற்றவள் இல்லையென்றால் தனக்கு வேண்டாம் என்று விலகிவிட்டாராம். அடுத்த வாரம் ஒரு பத்திரிகையில் முன்ஷியின் பேட்டி வந்தது. தன் கலை 'தெருவோடு உரையாடத் தொடங்கிவிட்டது' என்று சொல்லியிருந்தார். ஜசோதாவின் பெயர் அதில் எங்கும் இல்லை. தீதி அந்தப் பக்கத்தைக் கிழித்துக் காய்கறித் தோல் கொட்ட விரித்தாள்.

பிப்ரவரியில் அதே படங்கள் டெல்லிக்குப் போயின. அங்கிருக்கும் என் தங்கை மகள் அட்டைகளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினாள். பிஷூ, மாயாவின் மாமியார், துக்கு எல்லாம் சரியாக இருந்தது. தீதியின் பெயரை மட்டும் 'அலகா பிஸ்வாஸ்' என்று அச்சடித்திருந்தார்கள்.

நான் அதைக் காட்டியதும் அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"பேப்பர் எடு ரேபா. பேனாவும் எடு. 'மதிப்பிற்குரிய முன்ஷி'ன்னு ஆரம்பி. இல்ல, 'மதிப்பிற்குரிய' வேண்டாம்."