லட்சுமணசாமி சொல்லாமல் விட்டது

கொங்குச் சீமையில் ஒருவரை வெகுநாள் கழித்துப் பார்த்தால், "எளைச்சுப் போயிட்டீங்களே" என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மரியாதையாக இருக்காது. எதிரில் நிற்பவர் வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பாக இருந்தாலும் அவருக்கும் அதேதான். கேட்டவரும் "அலைச்சலுங்க" என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார்.

அதனால்தான் கோவிந்தராஜுலு நிஜமாகவே இளைத்தபோது யாருக்கும் உறைக்கவில்லை. அவர் மனைவி லட்சுமியம்மாளுக்கும்தான். ஊர் எப்போதும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டாள்.

அவருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மோட்டார் பட்டறையை மகன் வம்சியிடம் ஒப்படைத்துவிட்டு அவிநாசி வீட்டில் ஓய்வாக இருக்கிற மனிதர், வயது அறுபத்தெட்டு. மகன் செல்போனில் உயரத்தையும் எடையையும் போட்டுப் பார்த்து, "அப்பா, இப்பத்தான் சரியான வெயிட்டுக்கு வந்திருக்கறீங்க" என்று சொல்லித் தொலைத்தான். அவ்வளவுதான். கூடத்தில் எடை மெஷினை வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் ஏற்றி இறக்கினார். எட்டு வயதுப் பேத்தி மேக்னாவுக்கும் அதே கணக்கைப் போட்டு, குழந்தைக்குச் சத்தே இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். மனைவியிடமும் பத்துக் கிலோ இறக்கச் சொன்னார். அவள் முறைத்த முறைப்பில் மெஷின் கட்டிலுக்கு அடியில் போனது.

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் லட்சுமணசாமி அவருக்குப் பழைய சிநேகிதர். மகள் கல்யாணப் பத்திரிகை வைக்க ஒருநாள் வந்தார். கோவிந்தராஜுலு தொந்தியும் தொப்பையுமாக இருந்த காலத்திலேயே, கேட்டைத் திறக்கும்போதே "அண்ணா, எளைச்சுப்போட்டீங்க" என்று கூவுகிற ஆள். அன்றைக்கு வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணனைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

"பஸ்ஸுல ஒரே கூட்டமுங்க" என்றார்.

பத்திரிகை வைத்தார், காப்பி குடித்தார், போய்விட்டார். கடைசிவரை அந்த வார்த்தை வரவேயில்லை.

லட்சுமியம்மாளுக்கு அது உறுத்தியது. பொய்யாக இருந்தவரை வாய் கூசாமல் சொன்ன மனிதர், இன்றைக்கு ஏன் சொல்லவில்லை? திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற முகம்தான். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. டம்ளரைப் பிடித்த கை நடுங்கியது. இந்த மனுஷன் என்னை விட்டுப் போய்விடுவாரோ என்று அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது.

மறுநாளே கோயமுத்தூருக்கு இழுத்துப் போனாள். டாக்டர் விமலாராணி, "எடை குறையோணும்னு என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமே பண்ணலீங்க. நல்லா சாப்பிடறேன், தானா எறங்குது" என்றார் அவர் பெருமையாக.

டாக்டர் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் ஒரே கணக்கு இல்லீங்கய்யா. கொழந்தைங்கன்னா வயசையும், பையனா பொண்ணாங்கறதையும் சேத்துப் பாக்கோணும். ஆம்பளை உடம்பு வேற, பொம்பளை உடம்பு வேற. உங்க வயசுல கொஞ்சம் பூசுனாப்புல இருந்தாக்கூடப் பரவாயில்லீங்க. தானா எறங்குனாத்தான் விடக்கூடாது."

பரிசோதனையில் தைராய்டு தறிகெட்டு ஓடுவது தெரிந்தது. இதயத் துடிப்பும் தாளம் தப்ப ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கஷ்டம், இப்போது மாத்திரையிலேயே சரிப்படுத்திவிடலாம் என்றார் டாக்டர். லட்சுமியம்மாள் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டாள். வெளியே வந்ததும், புருஷன் மருந்துக் கடை வரிசையில் நிற்க, காங்கேயத்துக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"தம்பி, உங்களக் கையெடுத்துக் கும்பிடோணும்."

"நான் என்னங்கக்கா பண்ணுனேன்? ஒரு வார்த்தை கூடச் சொல்லலீங்களே."

"சொல்லாததுனாலதான் தம்பி, நான் அவரைத் திரும்பிப் பாத்தேன்."

"எங்கப்பா கடைசிக் காலத்துல இருந்தாப்புலயே அண்ணனும் இருந்தாருங்கக்கா. எனக்கு வாயே வரலீங்க" என்ற குரல் உடைந்தது.

மாத்திரைப் பையோடு வந்த கோவிந்தராஜுலு, "யாரு?" என்றார்.

"உங்க தம்பிதானுங்க" என்று போனை அவர் கையில் கொடுத்தாள். "அழுகறாரு. நீங்களே பேசுங்க, உங்க கொரலைக் கேக்கட்டும்."