தரையில் படியும் முதுகு

வைத்திலிங்கம் ஓய்வு பெற்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை, முதுகு அவரை முடக்கிப் போட்டுவிட்டது. அரியலூரில் சிமெண்டு லாரிகளுக்கு நடுவே காலமெல்லாம் அரசு பஸ் ஓட்டியவர். வேலையில் இருந்த வரைக்கும் பொறுத்துக்கொண்ட வலி, வீட்டில் சும்மா உட்கார்ந்ததும் தன் வேலையைக் காட்டியது. காலையில் எழுவதே பெரும்பாடு. மனைவி குஞ்சம்மாள் எதிரே நின்று இரண்டு கையையும் பிடித்து இழுத்தால்தான் படுக்கையை விட்டு எழுந்திரிப்பார்.

ஆபரேஷன் வேண்டாம், பயிற்சி போதும் என்று சொல்லிய எலும்பு டாக்டர், பெரம்பலூரில் முத்தமிழ் என்ற பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார். சென்னையில் படித்துவிட்டு வந்த பெண். பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மாடி அறையில் வகுப்பு நடத்தினாள்.

"இதுக்குப் பேரு பிலாட்டீஸ்ங்க சார். வயிறு, முதுகு ரெண்டுக்கும் பலம் குடுக்குற பயிற்சி."

"டிரைவரா ரிட்டயர் ஆனவனப் போயி பைலட் ஆக்கப் பாக்குறியேம்மா" என்றார் வைத்திலிங்கம்.

முத்தமிழ் சிரித்தாள். பாய்களில் படுத்திருந்தவர்களும் சிரித்தார்கள். அப்போதுதான் கவனித்தார், அத்தனை பேரும் பெண்கள். ஒரு மூலையில் கூச்சத்தோடு படுத்தார். "ஒரு காலை மேல தூக்குங்க சார்" என்று அவள் சொன்னதும் கை தானாக வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"இன்னிக்குக் கால் வராதும்மா" என்று எழுந்தவர், கிடைத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அது பொம்பளைங்க சமாச்சாரம். நமக்குச் சரிப்படாது."

குஞ்சம்மாள் பெட்டியைக் குடைந்து, மகன் காலேஜில் போட்ட டிராக் பேண்ட் ஒன்றை எடுத்து வந்து மடியில் போட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு அதை மாட்டிப் பார்த்தார். வெளியே வந்தவரைக் கண்டு அவள் சுவரில் சாய்ந்து சாய்ந்து சிரித்தாள்.

"டிரில் மாஸ்டரு கெட்டாரு போங்க!"

ஆனாலும் அடுத்த வகுப்புக்கு அந்த டிராக் பேண்டோடுதான் போனார்.

"மூச்ச விடும்போது வயித்த உள்ள இழுங்க. முதுகு தரையில படியட்டும். அப்புறம் இடுப்ப மெதுவா மேல கொண்டு வாங்க. படக்குன்னு தூக்கக் கூடாது."

"மேட்டுல நிக்கிற வண்டிக்குக் கிளட்ச் விடுற மாதிரி."

"அப்படியே வச்சுக்குங்க சார்."

அன்றைக்குத்தான் உடம்பு பிடிகொடுத்தது. வீட்டுக் கூடத்திலும் ஜமுக்காளத்தை விரித்துப் பழக ஆரம்பித்தார். சில வாரத்தில் வலி மட்டுப்பட்டது. காலையில் குஞ்சம்மாளின் கையை எதிர்பாராமல் ஒருக்களித்து, கையூன்றி எழுந்தார். அவராலேயே நம்ப முடியவில்லை.

ஒரு நாள் கூடத்தைக் கூட்டிக்கொண்டிருந்த குஞ்சம்மாள், இடுப்பைத் தூக்கியபடி கிடந்தவரைப் பார்த்து, "படுத்துக்கிட்டே செய்யுறதுக்கு இம்புட்டு மூச்சா?" என்று கேலி பேசினாள்.

அவருக்குச் சுருக்கென்றது. "நீ செஞ்சு பாரு, தெரியும்."

"இதென்ன பெரிய கம்பசூத்திரமா?" துடைப்பத்தை வைத்துவிட்டுப் படுத்தாள். முழங்காலை மடக்கினாள். இடுப்பு ஒரு விரல்கடை எழும்பியது. "ஆத்தாடி!" என்று அப்படியே விழுந்தாள். சிரிக்கிறாள் என்றுதான் அவர் நினைத்தார். முகத்தைப் பார்த்ததும் பதறிப்போனார். கண்ணோரம் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருக்களிக்கவும் முடியவில்லை. தோளைத் தாங்கி மெல்ல உட்கார வைத்தார்.

"எங்க புள்ள வலிக்குது?"

"இடுப்புலேருந்து கெண்டைக்கால் வரைக்கும் இழுக்குது. இன்னிக்கு நேத்தா? வருசக்கணக்கா இருக்குங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்ப சொல்றது? டூட்டி முடிஞ்சு வந்தா முதுகு முதுகும்பீங்க. ரெண்டு பேரும் முடியலன்னு உக்காந்துட்டா வூடு ஓடுமா?"

இந்த இடுப்பை வைத்துக்கொண்டா தினமும் தன் கனத்தை இழுத்தாள்! பஸ்ஸில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் டெப்போவில் நிறுத்தி என்ன கோளாறென்று பார்க்காமல் விடாதவர் அவர். இவள் சுவரைப் பிடித்து எழுந்ததையும், நின்றுகொண்டே சாப்பிட்டதையும் பார்த்திருக்கிறார். ஏனென்று கேட்கத் தோன்றவில்லை.

எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு அவளையும் பெரம்பலூருக்கு அழைத்துப் போனார். "இந்த வயசுல எனக்கெதுக்கு இதெல்லாம்" என்று பஸ்ஸில் முனகிக்கொண்டே வந்தாள். முத்தமிழ் அவளுக்கு முதலில் மூச்சுப் பயிற்சி மட்டும் கொடுத்தாள். கண்ணை மூடிப் படுத்த குஞ்சம்மாள் கொஞ்ச நேரத்தில் குறட்டை விட்டாள். எழுப்பப் போன முத்தமிழைத் தடுத்தார் வைத்திலிங்கம்.

"விட்டுடும்மா. பகல்ல அவ படுத்து நான் பாத்ததே இல்ல."

அடுத்தடுத்த வகுப்புகளுக்கு அவளே முன்னால் கிளம்பினாள். வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. மழை நாளில் கெண்டைக்கால் இழுக்கத்தான் செய்தது. ஆனால் ஆடி கழிவதற்குள், அவர் தவறாகச் செய்தால் திருத்துகிற அளவுக்குத் தேறிவிட்டாள்.

ஒரு காலையில் அவர் ஜமுக்காளத்தை விரித்ததும் முந்திக்கொண்டு வந்து படுத்தாள்.

"மொதல்ல நான் முடிச்சுக்கிறேன். நீங்க போயி அடுப்பப் பத்த வச்சு காபியப் போடுங்க."

வைத்திலிங்கம் டிராக் பேண்டோடு சமையலறைக்குள் போனார். ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தார்.

"காப்பித்தூள் எதுல புள்ள இருக்கு?"

கூடத்திலிருந்து நீளமாக மூச்சு விடும் சத்தம்தான் கேட்டது. அவள் முடிக்கட்டும் என்று அவரே தேடத் தொடங்கினார்.