பிராம் கைக்குக் காவல்

பிராம் ந்ஜாய்க்குச் சர்க்கரை நோய் என்பது டாக்டருக்கும் மனைவி ஊலிக்கும் மட்டுமே தெரியும். கவுலாக் நகரச் சந்தையில் நாள் முழுக்கத் தையல் இயந்திரம் மிதிக்கிற மனுஷன். வலது கால் விரலில் வந்த புண் ஆறவில்லை. இப்படியே போனால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மாத்திரையை ஒழுங்காக விழுங்குவான், வீட்டில் அளவாகச் சாப்பிடுவான். விருந்து என்று போனால் தொலைந்தது. எல்லாரும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்காரும்போது விருந்து வைக்கிற வீட்டுக்காரி மீனைப் பிய்த்துப் பிய்த்து அவன் பக்கம் தள்ளுவாள். பிறகு மூன்று சுற்றுத் தேநீர், சுற்றுக்குச் சுற்று இனிப்பு கூடும். வேண்டாம் என்றால் அவர்கள் முகம் வாடும். நோய் என்று சொல்லவோ வெட்கம். ஊலி கெஞ்சினாள், அழுதாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். பலிக்கவில்லை.

கடைசியில் எதிர்வீட்டு மஸ்ஸம்பா ஜோப்பிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். ந்ஜாய் வம்சத்தாரும் ஜோப் வம்சத்தாரும் பரம்பரைக் கேலிக்காரர்கள். ஒருவரையொருவர் எங்கே வேண்டுமானாலும் திட்டலாம், கையிலிருப்பதைப் பிடுங்கலாம். கோபப்பட்டால் கோபப்பட்டவனுக்குத்தான் அவமானம்.

அடுத்து வந்த பெயர்சூட்டு விழாவில், பிராம் மறுபடியும் சோற்றில் கை வைத்தபோது மஸ்ஸம்பா அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

"போதும்டா ந்ஜாய். உங்க வம்சமே சோத்துக்குப் பொறந்தது. மத்தவங்களுக்கும் கொஞ்சம் விடு."

கூட்டம் சிரித்தது. வீட்டுக்காரியும் சேர்ந்து சிரித்தாள். தேநீர் வந்ததும் அவன் பங்கையும் மஸ்ஸம்பாவே பிடுங்கிக் குடித்தான். ஊலி பயந்துகொண்டே கணவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு அப்பாடா என்றிருந்தது, பார்த்தாலே தெரிந்தது.

மழைக்காலம் முடிவதற்குள் புண் ஆறிவிட்டது. ஊலிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் மஸ்ஸம்பா விருந்துக்கு நடுவே அடிக்கடி எழுந்து ஒதுங்கப் போவதும், செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பதும் அவள் கண்ணில் பட்டது. பிராமுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அதைக் கணவனிடம் சொன்னாள்.

அடுத்த விருந்தில் பிராம் பையிலிருந்து இரத்தம் சோதிக்கும் கருவியை எடுத்துத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"ஜோப், விரலைக் காட்டு. எனக்குச் சர்க்கரைடா, அதான் இது என்கிட்ட இருக்கு. உனக்கும் இருக்கான்னு பார்ப்போம்."

ந்ஜாய் கேட்டதை ஜோப் மறுக்க முடியுமா? மஸ்ஸம்பா நீட்டினான். கருவி காட்டிய எண் தனக்கு வருவதைவிடப் பெரிது என்றான் பிராம்.

"இதுலயும் நான்தான்டா உனக்கு மேல," என்றான் மஸ்ஸம்பா. பிராம் அவன் முன்னாலிருந்த தேநீரை எடுத்து மண்ணில் ஊற்றினான். நாளைக்கு டாக்டரிடம் தானே கூட்டிப் போவதாகச் சொன்னான்.

யாரும் சிரிக்கவில்லை. மீன் பிய்த்துக்கொண்டிருந்த வீட்டுக்காரி கையைக் கழுவிக்கொண்டு வந்து பிராம் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஊசியை மாத்திட்டு, எனக்கும் பாருங்கண்ணே," என்றாள்.