சுருட்டை வால் எழுத்து

அய்யாவு வேலையை விடத்தான் ஆபீசுக்கு வந்தார். வேலைதான் அவரை விடவில்லை.

மலேசியாவில் தெலுக் பங்லிமா காராங்கில் இருந்த அந்தப் பலகைத் தொழிற்சாலைக்குத் தொண்ணூற்று மூன்றில்தான் கம்ப்யூட்டர் வந்தது. வேலையை விடுகிறவருக்குக் கம்பெனி தரும் விலகல் கடிதமும் இனி அதில்தான் அச்சாக வேண்டும். அது கையில் இருந்தால் திங்கட்கிழமை கிள்ளான் துறைமுகக் கிடங்கில் வேலை. மரத்தூள் இல்லாத வேலை. இருமி இருமியே சாக அவருக்கு மனமில்லை.

ஆபீஸ் பெண் ராஜேஸ்வரி மறுபடியும் தட்டிப் பார்த்தாள். "ஆளு இல்லன்னுதான் வருது, அங்கிள்."

"நல்லாப் பாரு லா. அய்யாவு, நடுவுல சுருட்டை வால் எழுத்து, அப்புறம் நாகையா."

குலசாமி பேர் அய்யாவு, வீட்டில் கூப்பிட்டது நாகையா. பிறப்பைப் பதிந்த தோட்டத்துக் குமாஸ்தா, கிராணி, இரண்டையும் எழுதி, 'என்கிற' என்பதற்குப் பதிலாக நடுவில் @ போட்டுவிட்டார். வயது போன பிறகு எழுத்துக்கூட்டப் பழகிய அய்யாவுக்குக் கைக்கு அடங்காத எழுத்து அது ஒன்றுதான்.

"அந்த வால்தான் வம்பு," என்றாள் ராஜேஸ்வரி. "நாம தேடக் குடுக்குற பேர புரோகிராம் துண்டு துண்டா வெட்டும். @ போட்ட துண்டு வந்தா, அது பேரு இல்ல, அப்புறமா எதையோ வைக்க விட்ட காலி எடம்னு நெனச்சுக்கும். வைக்க ஒண்ணும் கெடைக்கல. நாகையாவத் தூக்கிப் போட்டுருச்சு. வெறும் அய்யாவுன்னு இங்க யாரும் இல்ல."

"வெட்டாதன்னு சொல்லேன்."

"புரோகிராம் எழுதுனவருதான் சொல்லணும், அவரு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்ல இருக்காரு. போன் பண்ணேன். அடுத்த மாசம் வர்றாராம்."

"அப்ப வால அழிச்சிரு."

"ஐசி அடையாள அட்டையில ஒரு பேரு, கடிதத்துல ஒரு பேரு. கிள்ளான்ல எடுப்பாங்களா?"

எடுக்க மாட்டார்கள்.

"டைப் அடிச்சாவது குடும்மா."

"மிசின்ல இல்லாத ஆளுக்கு மேனேஜர் சைன் வைக்க மாட்டாரு, அங்கிள்."

அங்கிருந்தே கிள்ளானுக்குப் போன் போட்டார். கிடங்குக்காரர் யோசிக்கவே இல்லை. "அடுத்த மாசமா? வெளிய ஆளு வரிசையா நிக்குது, அண்ணே. திங்கக்கெழம கடிதத்தோட வரலன்னா வேற ஆளப் போட்டுருவேன்."

அய்யாவு போனை வைத்தார். வாசலில் மேஸ்திரி சபாபதி தலையை நீட்டினான்.

"நாகையாண்ணே, இங்கயா இருக்கீங்க? ரம்பம் சிக்கிக்கிச்சு, வாங்க."

"நான் இங்க இல்லையாம்பா."

"எவன் சொன்னான்? வாங்க லா, பலகை அப்படியே நிக்குது."

அய்யாவு தோளில் கிடந்த துண்டை எடுத்து மூக்கையும் வாயையும் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவன் பின்னால் போனார்.