முப்பத்தொரு பதிவு

முன்பு விளையாட்டுச் சாமான்கள் கிடந்த அறை அது. சுண்ணாம்பு அடித்து, வாசலில் பலகை மாட்டியதும் அமைதி அறையாகிவிட்டது. ரப்பர் பந்து வாடை மட்டும் இன்னும் போகவில்லை. மூன்று மேசை, ஒரு மடக்குக் கட்டில், ஒரு பதிவேடு. பதினோரு மாத ஒப்பந்தத்தில் அதைப் பார்த்துக்கொண்ட பெண்ணைப் பிள்ளைகள் ரூம் அக்கா என்று கூப்பிட்டார்கள். முதல் மணி அடிப்பதற்குள் அவள் தரையைத் துடைத்து, தண்ணீர் பிடித்து வைத்து, பதிவேட்டில் தேதியை எழுதி அடிக்கோடிட்டுவிட்டுக் காத்திருப்பாள்.

சண்டை போட்டவன், ஆசிரியரை எதிர்த்துப் பேசியவள், மேசையைக் குத்தியவன் எல்லாரும் மஞ்சள் சீட்டோடு அங்கேதான் அனுப்பப்படுவார்கள். மனசு சரியில்லை என்று தானாக வருகிறவர்களும் உண்டு. யார் வந்தாலும் பெயரும் நேரமும் எழுத வேண்டும். "நோட்டு நெறஞ்சாதான் ரூம் இருக்கும். ரூம் இருந்தாதான் நீங்க இருப்பீங்க" என்று தலைமையாசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார். ரூம் அக்கா ஒரு பெயர் விடாமல் எழுதினாள். அனுப்பப்பட்டவர் யார், தானாக வந்தவர் யார் என்று பிரிக்க அந்த நோட்டில் கட்டம் இல்லை. அவளும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டாம் பருவம் தொடங்கியதிலிருந்து வந்தாள். கூடப் படிக்கிறவர்கள் அவளுக்குக் கொட்டாவி என்று பெயர் வைத்திருந்தார்கள். வகுப்பில் வருகை எடுத்து முடிந்ததும் நழுவி வருவாள். அறுபது பேரில் ஒரு தலை குறைந்தது யார் கண்ணிலும் படவில்லை. கட்டிலில் விழுந்ததுதான் தெரியும், தூங்கிப்போவாள். விரல் நுனிகளில் தோல் உரிந்து கிடந்தது. நாலாவது நாள் களிம்பு தடவிக்கொண்டே ரூம் அக்கா கேட்டாள்.

"என்னடி இது, கை இப்படி வெந்து கெடக்கு?"

"சலவை சோடாக்கா. ஆஸ்பத்திரி லாண்டரில." கொட்டாவி கையை இழுத்துக்கொண்டாள். "அம்மா வேலை அது. அம்மாவுக்குக் கை ஒடஞ்சு கட்டுப் போட்டிருக்கு. லீவு கேட்டா வேற ஆளப் போட்டுடுவாங்க. அதான் அம்மா பேர்ல நான் போறேன். விடியறதுக்கு முன்னாடி போனா ஏழரைக்கு விட்டுடுவாங்க."

"அங்க யாருக்கும் தெரியாதா?"

"மேஸ்திரிக்குத் தெரியும், கண்டுக்கமாட்டாரு. ஆனா எனக்குப் பதினஞ்சு வயசுன்னு வெளிய தெரிஞ்சா அவருக்குக் கேஸு. தெரிஞ்ச அன்னிக்கே ரெண்டு பேரையும் கழட்டி விட்டுடுவேன்னுருக்காரு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

ரூம் அக்கா சொல்லவில்லை. வந்த நாளெல்லாம் ஒரு பாடவேளை தூங்கவிட்டு, முகம் கழுவவைத்து அனுப்பினாள். பெண்ணின் மதிப்பெண் கொஞ்சம் ஏறவும் செய்தது. பெயரை ஒழுங்காகப் பதிவேட்டில் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'மற்றவை' என்று போட்டாள்.

பருவ முடிவில் துணைத் தலைமையாசிரியர் நோட்டை வாங்கிப் போனார். பழைய விளையாட்டு ஆசிரியர். பிள்ளைகளுக்கு இன்றும் விசில் சார்தான். ஒரு பருவத்தில் பன்னிரண்டு தடவைக்கு மேல் பெயர் வந்தால் ஒழுங்குக் குழு விசாரிக்க வேண்டும் என்பது விதி. மேசையைக் குத்துகிறவனுக்கு ஒன்பது. கொட்டாவிக்கு முப்பத்தொன்று. அவர் இரண்டாம் முறையும் எண்ணிப் பார்த்தார்.

விசாரணைக்குக் கொட்டாவியோடு அவள் அம்மா வந்தாள். ரூம் அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவின் வலது கை முழங்கையிலிருந்து விரல்வரை மாவுக்கட்டில் இருந்தது. உட்காரச் சொன்ன பிறகும் நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தாள்.

"வேலைக்குப் போறீங்களாம்மா?" தலைமையாசிரியை கேட்டார்.

"போய்க்கிட்டுதான் இருக்கேன் மேடம். லாண்டரில."

அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டே தலைமையாசிரியை அதைக் குறித்துக்கொண்டார். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

"முப்பத்தொரு தடவ வெளிய அனுப்பிருக்கோம்" என்றார் விசில் சார். "வீட்ல கண்டிக்கறதே இல்லையா?"

"அவள யாரும் அனுப்பல சார்" என்றாள் ரூம் அக்கா. "அவளா வந்து படுத்துப்பா."

"மஞ்சச் சீட்டு இல்லாமயா?"

"ஆமா சார்."

"அப்ப முப்பத்தொரு தடவ கேக்காம கொள்ளாம கிளாஸ விட்டுப் போயிருக்கா. அது இன்னும் மோசமில்ல?" அவர் குரலில் கோபமே இல்லை. "நீங்களும் படுக்க வெச்சு அனுப்பிருக்கீங்க."

தலைமையாசிரியை பெண்ணின் பக்கம் திரும்பினார். "காரணம் ஏதாவது இருந்தா சொல்லும்மா. வேற மாதிரி பாக்கலாம்."

அம்மா வாயைத் திறந்தாள். "மேடம், எங்க வீட்ல…"

"ஒண்ணுமில்ல மேடம்" என்றாள் கொட்டாவி. "சோம்பேறித்தனம்தான்." பிறகு ரூம் அக்காவை ஒரே ஒரு தடவை பார்த்தாள்.

சொன்னால் லாண்டரி போகும், சொல்லாவிட்டால் பள்ளிக்கூடம் போகும். ரூம் அக்கா சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். தன் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. அந்த நேரத்தில் அதை நினைத்தோமே என்று வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாளிலிருந்து வகுப்பு இல்லை, பொதுத் தேர்வைத் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று முடிவானது. விசில் சார் அதை எழுதிய தாளைக் கையெழுத்துக்காக அம்மாவிடம் நகர்த்தினார். அவள் இடது கையால் பேனாவைப் பிடித்துக் கிறுக்கினாள். அவர் அம்மாவின் பழைய கையெழுத்து இருந்த சேர்க்கைப் படிவத்தை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"இது ஒத்துப்போகலயே. மேல போற பேப்பர், கையெழுத்து ஒண்ணா இருக்கணும்மா."

"கை முடியல சார்."

"எப்படியாவது அதே மாதிரி போடுங்கம்மா."

கொட்டாவி எழுந்து வந்து அம்மாவின் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். கிறுக்கலுக்குக் கீழே அம்மாவின் முழுப் பெயரையும், கடைசி எழுத்தின் வால் சுழி உட்பட, நிறுத்தாமல் போட்டாள். லாண்டரி வருகை நோட்டில் இரண்டு மாதமாகத் தினமும் அவள் போட்டு வந்தது அந்தக் கையெழுத்தைத்தான்.

விசில் சார் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ம். இப்ப சரியா இருக்கு" என்று முத்திரையைக் குத்தினார்.