இடது சக்கரக் குழியில் ஒரு கண்ணாடி

கருவி ஒன்று குறைந்தால் நான் மனிதனாக இருக்கமாட்டேன். சீனன்குடாவில் நான் படிப்பிக்கும் விமானப் பொறியியல் கல்லூரியில் இது வாசல் காவலாளி வரைக்கும் தெரியும். ஒரு சின்ன ஸ்குரூ டிரைவருக்காக இருபது பிள்ளைகளை இரண்டு மணித்தியாலம் வீட்டுக்கு விடாமல் மறித்து வைத்திருந்தவன் நான். கலீலுர் றஹ்மான் சேருக்கு விசர் என்று எனக்குப் பின்னால் கதைப்பார்கள். கதைக்கட்டும். விமானத்துக்குள் மறந்துவிட்ட, நட்டுக் கழற்றும் ஒரு சாவி ஆளைக் கொன்றுவிடும். அதை அவர்களின் மண்டையில் ஏற்றத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

அன்று பின்னேரம் கருவிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும்போது, றிஷானா என்ற மாணவி வந்து, ஒன்று கூடுகிறது என்றாள். திட்டத்தான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் எண்ணிக்கை குறைந்து பார்த்திருக்கிறேன், கூடிப் பார்த்ததில்லை.

எங்களிடம் இருப்பது ஒரேயொரு விமானம். வளைகுடா நாடொன்றின் படையில் பறந்து ஓய்வுபெற்ற போர் ஜெட். இறக்கைகளைக் கழற்றிக் கப்பலில் ஏற்றிப் போன வருஷம் திருகோணமலைத் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். இனி அது பறக்காது. பிள்ளைகள் கழற்றிப் பூட்டிப் பழகுவதற்காகத் தரையில் நிற்கும், அவ்வளவுதான். லொறியில் அது வந்து சேர்ந்த அன்று வாலில் புதுப் பூச்சுக்கு அடியில் 614 என்ற இலக்கம் தெரிந்தது. நான் துள்ளிக் குதிக்காத குறை. அந்த நாட்டின் விமானத் தளத்தில் பதினான்கு வருஷம் நான் வேலை செய்த விமானம் அது. அதன் பெருமையைப் பேசிப் பேசியே பிள்ளைகளின் காதைப் புண்ணாக்கியிருந்தேன்.

றிஷானா நீட்டியது ஒரு கண்ணாடி. பல் டொக்டரிடம் இருக்குமே, நீளக் கம்பியின் நுனியில் சின்ன வட்டக் கண்ணாடி, அந்த மாதிரி. கண்ணுக்கு எட்டாத இடுக்குகளைப் பார்ப்பதற்கு நாங்கள் பாவிப்பது. இடது சக்கரம் மடங்கி உள்ளே போகும் குழியில், குழாய்களுக்குப் பின்னால் இறுகிப்போய்க் கிடந்ததாம். பழைய எண்ணெயும் தூசியும் அதில் பிசினாய்ப் பிடித்திருந்தன. பெருவிரலால் கம்பியைத் துடைத்தேன். 27 என்று வெட்டியிருந்தது.

பக்கத்தில் இருந்த கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். இது யாருடையது என்று றிஷானா இரண்டு தரம் கேட்டிருக்கிறாள். எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று மட்டும் சொன்னேன். எண்ணி முடிக்காமல் நான் பிள்ளைகளை அனுப்பியது அதுதான் முதல் தரம். அவர்கள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

இருபத்தேழு இராசதுரையின் இலக்கம். திருகோணமலைக்குப் பக்கத்தில் சல்லி என்ற ஊரைச் சேர்ந்தவன். அந்தத் தளத்தில் நான்கு வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். என்னைவிட நல்ல கை அவனுக்கு, இதைச் சொல்ல எனக்கு இப்போதும் எரிச்சல்தான். அங்கே ஆளுக்கொரு பெட்டி, பெட்டியில் உள்ள ஒவ்வொரு கருவியிலும் அவரவர் இலக்கம். இன்னொருவனின் கருவியை எடுத்தால், எடுத்த இடத்தில் உன் இலக்கம் வெட்டிய பித்தளைத் தகட்டை வைக்க வேண்டும். தகடு வைக்காமல் எடுத்தது தெரிந்தால் வேலை போய்விடும்.

இரண்டாயிரத்து ஆறில் ஒருநாள் மாலை எண்ணிக்கையில் இருபத்தேழாம் பெட்டியின் கண்ணாடி இல்லை. எல்லா விமானங்களையும் நிறுத்தி இரண்டு நாள் தேடினோம். கிடைக்கவில்லை. பெட்டிக்காரன்தான் பொறுப்பு. பெட்டியில்தான் வைத்தேன் என்று இராசதுரை அழாக்குறையாகச் சொன்னான். ஒருவரும் கேட்கவில்லை. கிழமை முடிவதற்குள் அவனை ஊருக்கு ஏற்றிவிட்டார்கள்.

எடுத்தது நான்.

என் கண்ணாடி உடைந்திருந்தது. இராசதுரை சாப்பிடப் போயிருந்தான். ஐந்து நிமிஷ வேலைதானே என்று தகடு வைக்காமல் எடுத்தேன். 614-இன் இடது குழிக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்கும்போது, ஊரிலிருந்து டெலிபோன் கோல் என்று ஒருவன் கத்தினான். கிண்ணியாவில் என் மனைவி ஜெஸீமாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. ஓடினேன். சந்தோஷத்தில் தலைகால் தெரியவில்லை. கண்ணாடியைப் பெட்டியில் திருப்பி வைத்துவிட்டுத்தான் ஓடினேன் என்று இத்தனை காலமும் நம்பியிருந்தேன். அல்லாஹ் அறிய நம்பினேன். விசாரணையில் வாயைத் திறக்காததற்கும் அதுவே எனக்குச் சாட்டு. வைத்துவிட்டேன்தானே, பிறகு ஏன் என் வேலையையும் கெடுத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. தேடும்போது 614-இன் இடது பக்கம் என் பங்குக்கு வந்தது. குழாய்களுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க ஒரு கண்ணாடி வேண்டும். இன்னொருவனிடம் கேட்டு வாங்கப் பஞ்சிப்பட்டேன், அவ்வளவு சோம்பல். கண்ணுக்குத் தெரிந்தவரை பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று கையெழுத்து வைத்தேன். அந்த நான்தான் இன்று ஒவ்வொரு புது வகுப்பிலும் முதல் நாள், எங்களோடு ஒரு கவனயீனக்காரன் இருந்தான், அவனைப் போல ஆகிவிடாதீர்கள் என்று கதை சொல்கிறேன். எனக்கு என் மூஞ்சியில் நானே துப்ப வேண்டும் போலிருந்தது.

மறுநாள் விடியுமுன் வெள்ளாப்பிலேயே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சல்லிக்குப் போனேன். ஊருக்குத் திரும்பி ஒன்பது வருஷத்தில் அவனை ஒரே ஒரு தரம்தான் கண்டிருக்கிறேன், மீன் சந்தையில். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான். வெட்கத்தில் போகிறான் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன்.

அவனுடைய வீடு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் பின்பக்கம். மனைவி இரத்தினேஸ்வரி முற்றத்தில் காயவைத்த மீனைப் பிரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். இராசதுரை படகு எஞ்சின் ஒன்றைச் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நரைத்துப் பாதியாகியிருந்தான். எஞ்சினுக்கு என்ன என்று பழக்கதோசத்தில் கேட்டேன். அவன் கயிற்றை இன்னும் இறுக்கினான். உப்புவெளியில் திருத்தக் கொடுக்கப் போகிறார் என்று அவள்தான் சொன்னாள்.

"ஜெட் எஞ்சின் திருத்தினவர் எண்டுதான் கலியாணம் கட்டித் தந்தவை, நாநா. இவர் வந்த நாளில இருந்து ஒரு நட்டைக்கூடத் தொட்டதில்லை. தன்ர கை கூடாத கையாம்."

கண்ணாடியை எடுத்து அவனுடைய கையில் வைத்தேன். "நான்தான் எடுத்தனான் மச்சான். தகடு வைக்கேல்ல. நான்தான் விட்டனான்," என்றேன்.

அது அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கம்பியைத் திருப்பி இலக்கத்தைப் பார்த்தான்.

"இது எங்க கிடந்தது?"

"614-இல. இடது குழிக்குள்ள."

"614 இப்ப எங்க?"

"சீனன்குடாவில. எங்கட கல்லூரியில நிக்குது."

"முழுசாவோ?"

முழுசாக என்றேன். அவன் சைக்கிளை விட்டுவிட்டான். அது எஞ்சினோடு சரிந்து விழுந்தது. அதைத் தூக்கக்கூடச் செய்யாமல் மணலில் குந்தினான். அவனுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு வலியோ என்று பயந்து நானும் பக்கத்தில் குந்தினேன்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னான். ஊருக்கு வந்து மூன்றாம் கிழமை ரேடியோவில் செய்தி வந்ததாம். அதே தளத்து ஜெட் ஒன்று கடலில் விழுந்து, ஓட்டின பொடியன் செத்துப்போனான் என்று. வயது இருபத்தாறு. காணாமல்போன தன் கண்ணாடிதான் எதிலோ சிக்கி அவனைக் கொன்றது என்று இவன் முடிவு கட்டிவிட்டான். அன்றோடு சாவியைக் கீழே வைத்தவன்தான். அந்த விபத்தைப் பற்றி நான் கேட்டுவிடுவேனோ என்ற பயத்தில்தான் சந்தையில் முகத்தைத் திருப்பினானாம். ஒவ்வொரு வருஷமும் அந்தத் திகதியில் அம்மன் கோயிலில் அந்தப் பொடியனுக்காக ஒரு அர்ச்சனை செய்வானாம். பெயரும் நட்சத்திரமும் ஐயர் கேட்பார், தெரியாது என்று சொல்வானாம். யாருக்கு அந்த அர்ச்சனை என்று இரத்தினேஸ்வரிக்கே அன்றைக்குத்தான் தெரியவந்தது.

அந்த விபத்து எனக்குத் தெரியும். விழுந்தது 609. எஞ்சினுக்குள் பறவைக் கூட்டம் புகுந்து விழுந்தது. கடலிலிருந்து எடுத்துவந்த துண்டுகளைப் பொறுக்கி அடுக்கியவர்களில் நானும் ஒருவன். யா அல்லாஹ், இவன் இங்கே இப்படிக் கிடந்து சாவான் என்று ஒரு தரமாவது எனக்கு ஓடவில்லையே.

"அது பறவை, இராசதுரை. 609. உன்ர கண்ணாடிக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. 614 அதுக்குப் பிறகு பத்து வருஷம் பறந்தது."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். அவன் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தான். உள்ளங்கையைப் பார்த்தான், புறங்கையைப் பார்த்தான். இரத்தினேஸ்வரி மீனை விட்டுவிட்டு எழும்பி வந்து நின்றாள். அவளுடைய கன்னமெல்லாம் கண்ணீர்.

"பறவை எண்டு உனக்கு எப்பத் தெரியும்?" என்று அவன் கேட்டான்.

"அந்தக் கிழமையே தெரியும்."

கோபமேயில்லாத குரலில் அடுத்ததைக் கேட்டான்.

"என்ர வீட்டு டெலிபோன் நம்பர் உன்னட்ட இருந்ததுதானே, றஹ்மான்?"

இருந்தது. போகும் அன்று, ஏதும் தெரிந்தால் சொல்லு மச்சான் என்று, என் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் அவனே பேனையால் எழுதிவிட்டுப் போனான். பத்து வருஷம் அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டுதான் நித்திரை கொண்டேன்.

"ஓம்," என்றேன்.