வெள்ளைத் தூள்

"இழுக்காத ஜஹனாரா! ஒட்டிக்கினு இருக்கும். தண்ணி ஊத்தி, ஊற வெச்சிட்டு எடு."

சொன்னது அக்கா அலீனா. அம்மாவின் மார்பில் சுற்றியிருந்த கட்டுத்துணியின் ஓரத்தில் ஜஹனாராவின் விரல்கள் அப்படியே நின்றன. விடியற்காலையில் போன உயிர். மய்யித்தைக் குளிப்பாட்ட வந்த மைமூன் பெரியம்மா, போர்த்திய துணியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மதுராந்தகத்தில் வாழ்க்கைப்பட்ட அலீனா, வெள்ளிக்கிழமைகளில் மட்டும் சதுரங்கப்பட்டினத்துக்கு வந்துபோகிறவள். வந்ததும் அம்மாவோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குர்ஆனில் யாசீன் ஓதுகிறோம் என்பார்கள். சமைப்பது, துவைப்பது, செவ்வாய்தோறும் அம்மாவைச் செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் கூட்டிப்போவது எல்லாம் ஜஹனாரா பாடு. அங்கே ஒரு சின்ன கிளினிக்கில் ஸ்ரீதேவி சிஸ்டர் மார்புப் புண்ணுக்குக் கட்டு மாற்றுவார். எட்டு மாதமும் ஜஹனாரா வெளியே பெஞ்சில்தான். வயசுப் பொண்ணு பார்க்கக் கூடாது என்பது அம்மா போட்ட சட்டம். வெளியே வரும்போதெல்லாம் சிஸ்டர், "ஆறிக்கினு வருதும்மா" என்பார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த செவ்வாய் வரை ஜஹனாரா வீட்டில் பாடிக்கொண்டு திரிவாள், பைத்தியக்காரி.

அலீனா தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் பொறுத்து, ஓரத்திலிருந்து உருட்டி உருட்டிக் கட்டை எடுத்தாள். பழகிய கை. ஜஹனாரா குனிந்து பார்த்தாள். ஆறுவதாவது! மார்பு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி. அதன்மேல் ஈரத்தில் குழைந்த வெள்ளைத் தூள்.

அந்தத் தூளை அவளுக்குத் தெரியும். வாராவாரம் பத்து மாத்திரையை இடிகல்லில் நைசாக இடித்துப் பொட்டலம் கட்டியதே அவள்தான்.

"வயித்துக்குன்னு தான சொன்னாங்க? முழுங்க முடியல, இடிச்சுக் குடுன்னு..."

"நாத்தம் வராம இருக்க மேல தூவுறது." அலீனா தலை நிமிரவில்லை. "சிஸ்டர் எனக்குக் கத்துக் குடுத்தாங்க."

"எப்போ?"

"மொத மாசமே. கேன்சர் புண்ணு, இது ஆறாதுன்னு அப்பவே சொல்ட்டாங்க."

அம்மா அத்தரை அள்ளி அள்ளிப் பூசிக்கொண்டது ஜஹனாராவுக்கு நினைவு வந்தது. 'இன்னாம்மா, புதுப்பொண்ணு கணக்கா மினுக்கிக்கினு கீற?' என்று கேட்டுச் சிரித்திருக்கிறாள். அம்மாவும் சிரித்தாள்.

"நான் இந்த வூட்லயே தானக்கா இருந்தேன்? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அம்மா சத்தியம் வாங்கிக்கினாங்க. எங்கிட்டயும், சிஸ்டர்கிட்டயும். வூட்ல ஒருத்தியாவது சிரிச்சிக்கினு இருக்கட்டும்னாங்க."

"நேத்து ராத்திரி கஞ்சி வேணான்னாங்க. 'புண்ணு தான் ஆறிக்கினு வருதுல்ல, நடிக்காம எந்திரிச்சி துன்னு'ன்னு கத்தினேன். அதான்க்கா நான் அவங்ககிட்டப் பேசின கடைசிப் பேச்சு. தெரிஞ்சிருந்தா அப்பிடிப் பேசியிருப்பேனா?"

அலீனா எடுத்த கட்டைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

"மய்யித்த வெச்சுக்கினு சண்ட வேணாம் தாயி," என்றாள் மைமூன் பெரியம்மா. "தண்ணி ஊத்து."

ஜஹனாரா ஊற்றினாள். தன்னை நம்பவைத்துக் கழுத்தறுத்தவர்களில் ஒருத்தி எதிரே குனிந்து நிற்கிறாள், இன்னொருத்தி கண்மூடிப் படுத்திருக்கிறாள். யாரை என்ன சொல்ல?

நடுப்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் ஆண்கள் அம்மாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். குளிப்பாட்டிய இடத்தை ஜஹனாரா கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஸ்ரீதேவி சிஸ்டர்.

"இன்னிக்கு செவ்வாக்கெழமையாச்சே, இன்னும் வரலியேம்மா? அம்மாவுக்கு எப்பிடிக் கீது?"

வாசற்படியில் அலீனா நின்றிருந்தாள்.

"ஆறிடுச்சி சிஸ்டர்," என்றாள் ஜஹனாரா.

போனை வைத்தாள். இந்த வாரத்துக்கென்று நேற்று இடித்து வைத்த பொட்டலம் அடுப்படி அலமாரியில் இருந்தது. அதை எடுத்து அக்காவின் கையில் வைத்துவிட்டு, இடிகல்லைக் கழுவப் போனாள்.